ஒரு லிட்டர் ரைஸ் குக்கரும் நலியாவில் நாற்பத்தைந்து நாளும்

விலை 1,640 ரூபாய். ஒரு லிட்டர், 400 வாட். அலுமினியப் பாத்திரம், கண்ணாடி மூடி, ஒரு அளவுக் குவளை, பிளாஸ்டிக் கரண்டி ஒன்று. கம்பெனிப் பெயரை எழுதப்போவதில்லை. வள்ளியூர்க் கடையில் அடுக்கியிருந்ததில் மூன்றைத் திருப்பிப் பார்த்தேன். பெயர்தான் வேறு, அடிப்பக்கம் மூன்றும் ஒரே அச்சு. அப்படியிருக்க ஒருவரை மட்டும் குறை சொல்வது நியாயமில்லை.

வாங்கிய காரணத்தைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் இவ்வளவு சின்னச் சாமானுக்கு இவ்வளவு நீளமாக ஏன் எழுதுகிறான் என்று தோன்றும்.

போன டிசம்பரில் ஒரு போன் வந்தது. காற்றாலைகளுக்கு அஸ்திவாரம் போடும் ஒப்பந்தக் கம்பெனி. பழைய சைட்டில் கூட இருந்த அண்ணன் ஒருவர் என் நம்பரைக் கொடுத்திருக்கிறார். கையில் 88,000, தங்குமிடம் சாப்பாடு அவர்கள் பொறுப்பு. இப்போது திருநெல்வேலியில் ஒரு பில்டரிடம் நான் வாங்குவது 46,000. அதுவும் மாதம் பிறந்து எத்தனையாம் தேதி வரும் என்று அவருக்கே தெரியாது. ஆனால் புது வேலைக்கு ஊர் என்று ஒன்று கிடையாது. இன்றைக்குக் குஜராத்தில் கட்ச், அடுத்து ராஜஸ்தானில் ஜெய்சல்மேர், அதற்கப்புறம் கர்நாடகத்தில் கொப்பளோ கதக்கோ. நாற்பது ஐம்பது அஸ்திவாரம் முடிந்தால் அடுத்த சைட். "பெட்டி கட்டினபடியே இருக்கணும் சார்" என்றார் பேசியவர்.

எனக்கு 38 வயது. டிப்ளமோ சிவில். வீட்டில் மனைவி, இரண்டாம் வகுப்பு படிக்கும் மகள், எழுபதைத் தாண்டிய அம்மா. வீட்டுக் கடன் இன்னும் ஒன்பதரை லட்சம். உடனே சரி என்று சொல்ல வாய் வரவில்லை, மாட்டேன் என்று சொல்லவும் வரவில்லை. கட்ச்சில் நலியா என்ற ஊரில் இருந்த சைட்டில் ஒருவர் தங்கை கல்யாணத்துக்கு நீண்ட லீவு கேட்டிருந்தார். அவர் இடத்தில் நாற்பத்தைந்து நாள் இருந்து பார்க்கிறேன், அப்புறம் சொல்கிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார்கள். பில்டரிடம் சம்பளமில்லா லீவு சொன்னேன். முகத்தைச் சுளிக்காமல் கொடுத்தார், சம்பளம் மிச்சமாயிற்றே.

ஊர்ப் பெயரைச் சொன்னதும் அம்மா, "நலியாவா? நலிஞ்ச ஊரா எய்யா அது?" என்றாள். அடுத்த கேள்வி, "அங்க சோறு கிடைக்குமா?" அவ்வளவுதான் அவள் கேட்டது. மறுநாள் குக்கர் வாங்கினேன். ஐந்து கிலோ புழுங்கலரிசி, மாங்காய் ஊறுகாய், பருப்புப்பொடி அவள் கட்டிக்கொடுத்தாள்.

என் ஊர் திருநெல்வேலிப் பக்கம் பணகுடி. பணகுடிக்காரன் காற்றாலை வேலைக்குக் குஜராத் போவது பார்க்க வேடிக்கையாகத்தான் இருக்கும். 1986-ல் தூத்துக்குடி முள்ளக்காட்டில் நட்டது நாட்டின் முதல் காற்றாலைகளில் சேர்த்தி; அதற்கப்புறம் ஆரல்வாய்மொழிக் கணவாய், முப்பந்தல், கயத்தாறு என்று எங்கள் பக்கம் முழுக்க இறக்கைகள். நான் வேலை பழகியதே அங்கேதான். ஆனால் நல்ல காற்று அடிக்கும் இடத்திலெல்லாம் எங்கள் ஊரில் எப்போதோ பழைய சின்ன மெஷின்களை நட்டாயிற்று. காலி நிலமும் காற்றும் சேர்ந்து இருப்பது இப்போது கட்ச் பக்கம். மொத்தத் திறனில் குஜராத் தமிழ்நாட்டை முந்தியும் விட்டது. வேலை அங்கே போனால் ஆளும் அங்கேதான் போகவேண்டும்.

திருநெல்வேலியிலிருந்து கட்ச்சில் இருக்கும் காந்திதாமுக்கு வாரம் ஒரு நாள் ஹம்சஃபர் இருக்கிறது. வியாழன் காலை ஏறினால் கொங்கண் வழியாக இரண்டு இரவு. முதல் எச்சரிக்கை இங்கேயே: ரயிலில் பெர்த் பக்கத்து பிளக்கில் குக்கரையோ கெட்டிலையோ செருகாதீர்கள். அது போனுக்கும் லேப்டாப்புக்கும் கொடுத்தது. செருகினால் ரயில்வே சட்டப்படி குற்றம், தீப்பிடிக்கும் ஆபத்து வேறு. என் எதிர் பெர்த்தில் வந்தவர் என் பையைப் பார்த்துவிட்டு, "சும்மா போடுங்க, யாரு கேக்கப்போறா" என்றார். போடவில்லை. கண்ணாடி மூடியைத் துண்டில் சுற்றித் துணிகளுக்கு நடுவே வைத்திருந்தேன். அது உடையாமல் போய்ச் சேர்ந்தது.

புஜ் நகரத்திலிருந்து மேற்கே கிட்டத்தட்ட நூறு கிலோமீட்டர் நலியா. வழியெல்லாம் இரண்டு பக்கமும் சீமைக்கருவேலம். ராமநாதபுரத்துக்குத்தான் வழி தப்பி வந்துவிட்டேனோ என்று இருந்தது. அங்கே அதற்குக் 'காண்டோ பாவள்' என்று பெயர், பைத்தியக்கார வேலமரம். சரியான பெயர். ஜனவரியில் குஜராத்திலேயே குளிர் அதிகம் பதிவாகும் ஊர் பெரும்பாலும் நலியாதான் என்பதை யாரும் எனக்குச் சொல்லவில்லை. ஒரு ஸ்வெட்டர்கூட எடுத்துப்போகவில்லை.

சரி, குக்கருக்கு வருகிறேன்.

முகாமில் போர்ட்டா கேபின், அதாவது தூக்கி வைக்கும் ரெடிமேட் அறை. கேபினுக்கு நான்கு கட்டில். கரண்ட் ஜெனரேட்டரிலிருந்து வருகிறது. இரவு பன்னிரண்டு மணிக்கு நிறுத்தி அதிகாலை ஐந்துக்குப் போடுவார்கள். கேபினுக்கு 6 ஆம்பியர் எம்சிபி, அதாவது அளவுக்கு மேல் கரண்ட் இழுத்தால் தானே அணையும் சுவிட்ச். இதுதான் விஷயமே. 6 ஆம்பியர் என்றால் 230 வோல்ட்டில் 1,380 வாட். பக்கத்துக் கேபின்காரர் 1,500 வாட் கெட்டில் வைத்திருந்தார். அவர் டீ போடும்போதெல்லாம் கேபின் இருண்டுவிடும், கூட இருக்கும் மூன்று பேரும் அவரைத் திட்டுவார்கள். இண்டக்‌ஷன் அடுப்புக்கு முகாமில் தடை. என் 400 வாட் குக்கரைப் பார்த்த எலக்ட்ரீஷியன் அடியில் ஒட்டியிருந்த ஸ்டிக்கரைப் படித்துவிட்டு, போட்டுக்கொள் என்று கையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். முகாமிலோ லாட்ஜிலோ தங்கப்போகிறவர்கள் வாங்குவதற்கு முன் வாட்டைப் பாருங்கள். 700 வாட் 1.8 லிட்டர் கடைக்காரர் எடுத்துக் காட்டுவார், "பேமிலி சைஸ், நூறு ரூபாதான் வித்தியாசம்" என்பார். வேண்டாம்.

வோல்டேஜ் இறங்கினால் வாட் அதன் வர்க்கக் கணக்கில் இறங்கும். சாயங்காலம் எல்லாரும் ஹீட்டர் போடும் நேரத்தில் என் டெஸ்டர் 180 காட்டியது. 400 வாட் அப்போது 245 வாட்தான். இருபத்தைந்து நிமிடத்தில் வேகும் ஒரு குவளை அரிசி நாற்பது நிமிடத்துக்கு மேல் எடுத்தது. குக்கர் கெட்டுப்போய்விட்டது என்று நினைக்காதீர்கள். ஏழு மணிக்கு முன்னால் வைத்துவிடுங்கள், அவ்வளவுதான்.

இது வேலை செய்யும் விதம் எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பாத்திரத்தின் அடியில் ஸ்பிரிங் வைத்த வட்டமான ஒரு காந்தம். பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை சூடு நூறு டிகிரியைத் தாண்டாது. அரிசி தண்ணீரை முழுக்கக் குடித்ததும் அடி சூடு நூறைத் தாண்டி ஏறும். அந்தச் சூட்டில் காந்தத்தின் பிடி விட்டுப்போகும். ஸ்பிரிங் தள்ள, லீவர் டக்கென்று மேலே வரும். சிப் கிடையாது, டிஸ்ப்ளே கிடையாது. சைட்டில் பத்து லட்சம் ரூபாய் மெஷின் தூசியில் நின்றுபோகும். இது நாற்பத்தைந்து நாளில் ஒருநாளும் 'டக்' சொல்லாமல் இருந்ததில்லை.

இனி குறைகள். புழுங்கலரிசி போட்டால் மூடியின் ஓட்டை வழியாகக் கஞ்சி பொங்கி, பக்கவாட்டில் வழிந்து, அடித்தட்டு வரைக்கும் இறங்கிக் கருகும். முதல் மூன்று நாள் கேபின் முழுக்கத் தீய்ந்த வாசம், இந்தியில் ஏதோ சொன்னார்கள், நல்ல வார்த்தையாக இருக்காது. அரிசியை நாலு தண்ணீர் கழுவி, அரைமணி ஊறவைத்து, ஒன்றரைக் குவளைக்கு மேல் போடாமல், இரண்டு சொட்டு நல்லெண்ணெய் விட்டால் அடங்குகிறது. பெட்டியில் இரண்டரைக் குவளை என்று போட்டிருப்பதை நம்பவேண்டாம். அது பச்சரிசிக் கணக்கு.

வயர் ஒரு மீட்டர்கூட இல்லை. பிளக் கட்டிலுக்கு மேலே இருந்ததால் என் இரும்புப் பெட்டியை நிமிர்த்தி அதன்மேல்தான் குக்கரை வைத்தேன். மூடியின் பிடி ஸ்க்ரூ இரண்டாம் வாரம் ஆட ஆரம்பித்தது. அளவுக் குவளையில் கோடு எங்கே இருக்கிறது என்று கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தேடவேண்டும். மார்க்கர் பேனாவால் நானே போட்டேன்.

தண்ணீரைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். குளிக்க, துவைக்க டேங்கரில் வருவது உப்பும் சுண்ணாம்புமாக இருக்கும். குடிக்க இருபது லிட்டர் கேன். இரண்டாம் நாள் கேன் தண்ணீரைச் சோற்றுக்கு வீணாக்குவானேன் என்று டேங்கர் தண்ணீரில் துவரம்பருப்பு வைத்தேன். ஒன்றரை மணி நேரம், மூன்று தடவை தண்ணீர் ஊற்றி மறுபடி லீவரை அழுத்தினேன். பருப்பு முழித்துக்கொண்டு கிடந்தது, நசுங்கவே இல்லை. கேன் தண்ணீரில் அதே பருப்பு முக்கால் மணியில் மலர்ந்தது. கடினத் தண்ணீரில் இருக்கும் கால்சியம் பருப்புக்குள் இருக்கும் பெக்டின் என்ற பசையோடு சேர்ந்து அதை இறுக்கிவிடும். அம்மாவிடம் போனில் சொன்னேன். "கிணத்துத் தண்ணியில பருப்பு வேகாதுன்னு சின்னப் புள்ளைக்குத் தெரியும்" என்றாள்.

இதில் ஒரு வேடிக்கை. கம்பி போட்ட கான்கிரீட்டுக்கு ஊற்றும் தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்று கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456 சொல்கிறது. ஆகவே கான்கிரீட் கலக்கும் பேட்சிங் பிளாண்டுக்கு நல்ல தண்ணீர் தனி டேங்கரில், டெஸ்ட் ரிப்போர்ட்டோடு வரும். நாங்கள் குளித்த தண்ணீருக்கு ரிப்போர்ட் ஏது. தலைமுடி தேங்காய் நார் மாதிரி ஆகிவிட்டது. குக்கர் பாத்திரத்தின் உள்ளேயும் வெள்ளைப் படிவு. எலுமிச்சம்பழத்தோலை வெந்நீரில் போட்டு வைத்தால் போகும்.

தயிர் உறையவைக்கப் பார்த்தது என் முட்டாள்தனம். அந்தக் குளிரில் பால் இரண்டு நாளானாலும் உறையாது. சோறு ஆறாமல் காக்கும் கீப் வார்மில் வைத்தால் உறையும் என்று வைத்தேன். காலையில் பார்த்தால் தண்ணீர் தனி, கட்டி தனி. வார்ம் என்பது தயிருக்கு மிக அதிகச் சூடு, உறை செத்துவிடும். சோறு வடித்து எடுத்து, சுவிட்சை அணைத்து, பத்து நிமிடம் ஆறிய காலிக் குக்கருக்குள் பால் டம்ளரை இறக்கித் துண்டால் மூடி வைத்தால் விடியும்போது கெட்டித் தயிர். இது பெட்டியில் போட்டிருக்கும் குறிப்புப் புத்தகத்தில் இல்லை.

மெஸ் இருக்கும்போது எதற்குக் குக்கர் என்று கேட்கலாம். மெஸ்ஸைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. சூடாக ரொட்டி, உருளைக்கிழங்கு, பருப்பு, வேண்டிய மட்டும். சமையல்காரர் நல்ல மனிதர். சோறு மத்தியானம் மட்டும், அதுவும் கடைசியாக, ஒரு ஓரத்தில். வயிறு நிறையும். ஆனால் இரவு எட்டு மணிக்கு வீட்டிலிருந்து "சாப்ட்டாச்சா?" என்று கேட்கும்போது ஆமாம் என்று சொல்ல எனக்குச் சோறு வேண்டியிருந்தது. நாற்பது வயதை நெருங்குகிறவன் பேசும் பேச்சா இது என்றால், ஆமாம், இதுதான்.

கான்கிரீட் போட்ட நாள் ஒன்றை மட்டும் சொல்கிறேன். அன்று 432 கன மீட்டர். கான்கிரீட் கொண்டுவரும் மில்லர் வண்டி ஒன்றுக்கு 6 என்றால் 72 நடை. காலை ஆறு மணிக்கு முதல் வண்டி கான்கிரீட்டைக் கொட்டியது. கடைசி வண்டி இரவு பதினொன்றரைக்கு. நடுவில் நிறுத்த முடியாது, நிறுத்தினால் பழையதும் புதியதும் ஒட்டாமல் ஜாயிண்ட் விழும். மூன்று நாலு மெகாவாட் மெஷினை, நூறு மீட்டருக்கு மேல் உயரமான டவரை அதன்மேல்தான் நிறுத்தப்போகிறார்கள். நடுவில் நிற்கும், டவரை இறுக்கிப் பிடிக்கும் ஆங்கர் போல்ட் கூண்டு இரண்டு மில்லிமீட்டர் சாய்ந்தாலும் பிரச்சினை. ஆகவே லெவல் மெஷினில் வைத்த கண்ணை எடுக்காமல் நாள் முழுக்க. மத்தியானம் யாரோ கையில் கொடுத்த ரொட்டியை நின்றபடியே தின்றேன்.

கேபினில் ஸ்டோர்ஸ் பையனிடம் ஒன்பது மணிக்குச் சுவிட்சை அழுத்தச் சொல்லியிருந்தேன். பன்னிரண்டுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது போய்ச் சேர்ந்தேன். மூவரும் தூங்குகிறார்கள். குக்கரின் மஞ்சள் விளக்கு மட்டும் எரிகிறது. மூடியைத் தூக்கினதும் உள்பக்கம் கோத்திருந்த நீர்த்துளி மணிக்கட்டில் சொட்டியது. மேலே மெத்தென்று சோறு, ஓரத்தில் காய்ந்து பிரிந்திருந்தது, அடியில் பொன்னிறமாக ஒரு தட்டு. ஊறுகாய் எடுத்து அப்படியே பாத்திரத்தில் பிசைந்தேன். சிமெண்ட் அரித்த விரல் நுனியில் சூடும் உப்பும் சேர்ந்து எரிந்தது. கையை எடுக்கவில்லை. பாதிச் சாப்பாட்டில் ஜெனரேட்டர் நின்றது. மீதியை இருட்டில் சாப்பிட்டேன். அந்தச் சாப்பாட்டுக்கு ஐந்து நட்சத்திரம், யோசிக்காமல்.

மிச்சச் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டுப் படுத்தேன். காலையில் வாசலில் உட்கார்ந்து அதைச் சாப்பிடும்போது கம்பி கட்டுகிற ஒடிசாக்காரர் ஒருவர் நின்று எட்டிப் பார்த்தார். "பக்காள்!" என்றார், சொந்தக்காரனைக் கண்டமாதிரி. அவர்கள் ஊரில் பழைய சோற்றுக்கு அதுதான் பெயர். என் இந்திக்கும் அவர் இந்திக்கும் நடுவே பெரிய பேச்சு நடக்க வழியில்லை. ஒரு பச்சை மிளகாயும் வெங்காயமும் கொண்டுவந்து வைத்தார், பாத்திரத்தில் பாதி காலியானது. அவர் வீட்டை விட்டு வந்து பதினோரு வருடம் என்று விரலை மடக்கிக் காட்டினார். வருடத்துக்கு ஒருமுறை போவாராம். "பழகிவிட்டது" என்றார்.

அம்மா கொடுத்த அரிசி இருபத்தைந்து நாளில் தீர்ந்தது. நலியாக் கடையில் கோலம் அரிசி கிடைக்கிறது. சின்ன மணி, சீக்கிரம் வேகும், தண்ணீர் குறைவாக வைக்கவேண்டும். பொங்கி வழிவதே இல்லை. குக்கருக்கு ஏற்ற அரிசி என்றால் அதுதான். மோருக்கு நன்றாக இருக்கும், குழம்புக்கு நமக்கு ஒட்டாது.

இந்த இடத்தில் குக்கர் சம்பந்தமில்லாத ஒன்றைச் சொல்லவேண்டியிருக்கிறது.

முதல் நாளிலிருந்தே, மூடியைத் திறந்ததும் போட்டோ எடுத்து வீட்டுக்கு அனுப்புவேன். மகள் வாய்ஸ் மெசேஜில் நட்சத்திரம் கொடுப்பாள். கருகிய நாளுக்கு ஒன்று, பருப்பு வெந்த நாளுக்கு நாலு, தயிர் உறைந்த அன்று ஆறு. முதல் வாரத்தில் ராத்திரி அழுகிறாள் என்று மனைவி சொன்னாள். இரண்டாம் வாரம் அழவில்லை. மூன்றாம் வாரம் போட்டோவுக்கு மனைவியிடமிருந்து கட்டை விரல் வந்தது. முப்பதாம் நாளோ என்னவோ, போன் செய்தால் மகள், "அப்பா, நான் படம் வரையறேன், நாளைக்குப் பேசலாமா?" என்றாள். கோபமாக இல்லை, மிகவும் அன்பாகத்தான் சொன்னாள். அம்மாவும் அன்று சாப்பிட்டாயா என்று கேட்கவில்லை. மோட்டார் ரிப்பேரான கதை சொன்னாள், மனைவியே ஆள் கூப்பிட்டுச் சரிசெய்துவிட்டாளாம்.

போகப்போகப் பழகிவிடும் என்று போகும்போது எல்லாரும் ஆறுதலுக்குச் சொன்னார்கள். அவர்கள் சொன்னது சரி. நான் இல்லாமல் வீடு திண்டாடும் என்பதுதான் இந்த வேலையில் உள்ள சிக்கல் என்று நினைத்துக்கொண்டு போனேன். திண்டாடவில்லை என்பது எனக்கு வேறு மாதிரி சுருக்கென்று இருந்தது. அன்று இரவு குக்கர் வைக்கவில்லை, மெஸ்ஸில் ரொட்டி சாப்பிட்டுவிட்டுப் படுத்தேன். அதற்கப்புறம் போட்டோவும் இரண்டு நாளுக்கு ஒன்று என்று ஆனது. நானும்தான் பழகிக்கொண்டிருந்தேன் என்பது ஊர் திரும்பும் ரயிலில்தான் உறைத்தது.

ஊருக்கு வந்து கணக்குப் போட்டோம். இந்த மாதிரி வேலை வந்து யோசிப்பவர்களுக்குப் பயன்படும் என்பதால் முழுக்கச் சொல்கிறேன். 88,000 என்பதில் 20,000 சைட் அலவன்ஸ். சைட்டில் இருக்கும் நாளுக்கு மட்டும்தான். நாற்பத்தைந்து நாளுக்குப் பத்து நாள் லீவு என்றால் அந்தப் பத்து நாளுக்கு ஆறாயிரத்து அறுநூறு சொச்சம் போய்விடும். சராசரி 84,000 என்று வைத்துக்கொண்டேன். இப்போதைய சம்பளத்தைக் கழித்தால் 38,000 கூடுதல். கம்பெனி ரயில் கட்டணம் எல்லாத் தடவையும் தராது, மாதம் இரண்டாயிரம் அதற்கு. என் மனைவி ஒரு தாளைக் கொண்டுவந்து வைத்தாள். நான் செய்யும் வேலைக்கெல்லாம் விலை போட்டிருந்தாள்: பள்ளிக்கூட வேன், அம்மாவை நாகர்கோவில் கண் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஆட்டோ, பிளம்பர், தென்னை மரத்துக்கு ஆள். மொத்தம் 6,000. "உங்களுக்கு மாசம் ஆறாயிரம் சம்பளம் போட்டிருக்கேங்க" என்றாள். சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆகக் கையில் நிற்பது 30,000. இப்போது கட்டும் தவணையோடு அதையும் அப்படியே சேர்த்துக் கடனில் கட்டினால் இரண்டு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே முடிந்துவிடும்.

போனில் பேசும்போது சொல்கிற தொகையை வைத்து யாரும் முடிவெடுக்காதீர்கள். அலவன்ஸ் எந்த நாளுக்கு, பிஎஃப் எந்தத் தொகைக்கு, ஒரு சைட் முடிந்து அடுத்தது தொடங்கும்வரை சம்பளம் உண்டா, லீவு நடுவில் கூப்பிட்டால் அந்த நாள் திரும்பக் கிடைக்குமா என்று எழுத்தில் கேளுங்கள். நான் கேட்டேன். லீவுக் கணக்கை லெட்டரில் போட்டுக் கொடுத்தார்கள். ரயில் கட்டணம் ஒன்று விட்டு ஒரு தடவை. இரண்டு வருடம்தான் இருப்பேன் என்பதை மட்டும் போட முடியாது என்றார்கள்.

"கடன் முடியிற வரைக்கும்" என்றாள் மனைவி. "அதுக்கப்புறம் எங்கிட்ட கணக்குக் காட்டாதீங்க."

குக்கருக்கு நாலு நட்சத்திரம். வயர் நீளத்துக்கும் மூடி ஸ்க்ரூவுக்கும் சேர்த்து ஒன்று குறைத்தேன். ஒரு ஆள், நல்ல பசியோடு இரண்டு ஆள். அதற்கு மேல் தாங்காது. பேச்சிலர்கள், சைட் இன்ஜினியர்கள், ஹாஸ்டல் பிள்ளைகள் தாராளமாக வாங்கலாம். புளி சேர்ந்த எதையும் இதில் வைக்காதீர்கள், அலுமினியத்தை அரித்துவிடும். இரண்டு பாத்திரம் தருகிற மாடல் கிடைத்தால் முந்நூறு ரூபாய் கூடக் கொடுத்து வாங்குங்கள். சோற்றைக் கொட்டிவிட்டுப் பருப்பு வைக்க வேறு ஏனம் தேடவேண்டாம்.

ஒரு சேர்க்கை. ஊர் திரும்பியதும் அம்மா குக்கரைக் கழுவி அடுப்படியில் வைத்துக்கொண்டாள். காலையில் ஒரு ஆளுக்கு நொய்க்கஞ்சி வைக்க இதைவிட வசதி கிடையாதாம், கேஸைப் பற்றவைத்துவிட்டு மறந்துபோகும் பயமும் இல்லை. போன வாரம் பெட்டி கட்டும்போது கேட்டேன். "நீ வேற வாங்கிக்கோ எய்யா" என்றாள்.

அதனால் இன்னொன்று ஆர்டர் போட்டேன், இந்தத் தடவை ஆன்லைனில், இரண்டு பாத்திர மாடல். டெலிவரி வியாழன் சாயங்காலம் என்று காட்டியது. ரயில் வியாழன் காலை. முகவரியை நலியா முகாமுக்கு மாற்றினேன். இது வீட்டு முகவரியா, வேலை இடமா என்று கேட்டது. வேலை இடம் என்று போட்டேன். அப்படிப் போட்டால் காலை பத்திலிருந்து மாலை ஐந்துக்குள்தான் கொண்டுவருவார்களாம். கான்கிரீட் நாளாக இல்லாவிட்டால் நானே வாங்கிக்கொள்வேன். இல்லையென்றால் ஸ்டோர்ஸ் பையனிடம் சொல்லிவைக்கவேண்டும்.